நோய் வராத எலிகள்

படுத்துக் கிடக்க வேண்டிய எலிகள் கூண்டுக்குள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்று கம்பியைப் பிடித்துத் தொங்கி வித்தை காட்டியது. இன்னொன்று முன்னங்காலால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்ன வேண்டும் என்பதுபோல அவளையே பார்த்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் இப்படி என் உயிரை வாங்கறீங்க? கொடுத்த மருந்துக்கு இந்நேரம் சுருண்டு கிடக்க வேணாமா?" என்று எலிகளிடமே கேட்டாள்.

எலிகள் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த ரத்தப் பரிசோதனை முடிவுதான் சொன்னது. கல்லீரல் அத்தனைக்கும் அமோகமாக இருந்தது.

விஷயம் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. காய்ச்சல் மாத்திரையில் இருக்கும் மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் கல்லீரல் கெட்டுப்போகும். எலிக்கும் அப்படித்தான், மனிதருக்கும் அப்படித்தான். ஒரு கசப்பு இலையின் சாற்றை முன்கூட்டியே கொடுத்து வைத்தால் அந்தக் கேட்டைத் தடுக்க முடியுமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. இடப்பக்கக் கூண்டுகளில் இருந்த எலிகளுக்கு இலைச்சாறும் மருந்தும். வலப்பக்கத்து எலிகளுக்கு வெறும் மருந்து. வலப்பக்கம் நோயில் விழ வேண்டும், இடப்பக்கம் தப்பிக்க வேண்டும். அப்போதுதான் இலை காப்பாற்றியது என்று தைரியமாக எழுதலாம்.

முதல் தடவை சொல்லிவைத்தாற்போல அப்படியே நடந்தது. இரண்டாவது தடவை செய்தபோது எந்தப் பக்கத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது மூன்றாவது தடவை. இப்போதும் இல்லை. நோயே வராதவனை இலை காப்பாற்றியது என்று எந்த வாயால் சொல்வது?

எலிவீட்டைப் பராமரிப்பவர் துடைப்பத்தோடு வந்தார். ஐம்பது தாண்டிய மனிதர். எலிகளை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். "மாப்பிள்ளை, நகர்ந்துக்கோ, தண்ணி ஊத்தணும்." அதனால் துறையில் அவர் பெயரே மாப்பிள்ளை ஆகிவிட்டது. தன்னைவிட மூத்தவரை அப்படிக் கூப்பிட வாய் வராமல் அவள் மட்டும் அண்ணே என்பாள்.

"என்ன மேடம், நல்ல சேதியா? மாப்பிள்ளைங்க எல்லாம் ஜோரா இருக்காங்க."

"அதுதான் அண்ணே கெட்ட சேதி" என்றாள். அவர் புரியாமல் சிரித்தார்.

பேராசிரியர் அறையிலும் அதே கதைதான். அவர் முடிவைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"முதல் தடவை வந்துச்சில்ல? அது போதும்மா. அடுத்த மாசம் மாநாடு. போய் அதைப் பேசு."

"ரெண்டு தடவை வரலையே சார்."

"சில எலி அப்படித்தான். அது பிறப்பு. நீ எதையும் நோண்டிக்கிட்டே இருக்காதே."

நோண்டாமல் இருப்பதற்கு எதற்கு ஆராய்ச்சி என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போகவே அவளுக்குப் பயமாக இருந்தது. காரணம் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். காசநோய் வந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த மாத்திரைகள் அவன் கல்லீரலைப் பதம் பார்த்துவிட்டன. மருத்துவமனை டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தினார். கல்லீரல் தேறியபின் ஒரே ஒரு மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார். "ரத்தம் பார்த்துட்டுத்தான் ரெண்டாவது. அப்புறம் மறுபடி ரத்தம் பார்த்துட்டு மூணாவது. அவசரப்பட்டா கல்லீரல் போயிடும். கல்லீரல் போச்சுன்னா ஆளும் போயிடும்" என்று பச்சையாகச் சொல்லியிருந்தார். அந்த ரத்தப் பரிசோதனைக்குத்தான் தம்பி போக மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த அடத்துக்கு விதை போட்டவள் இவளேதான். முதல் சோதனை வெற்றி பெற்ற அன்று தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடிவந்து, கைபேசியில் இரண்டு கல்லீரல் படங்களை அம்மாவுக்கும் தம்பிக்கும் காட்டினாள். வெறும் மருந்து வாங்கிய எலியின் கல்லீரல் திட்டுத்திட்டாக வெளிறிக் கிடந்தது. இலை குடித்த எலியுடையது வழவழவென்று, கழுவி வைத்த கத்தரிக்காய் மாதிரி. அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த இலை நம்ம பின்பக்கச் சுவரோரமா மண்டிக் கிடக்கே" என்றாள். அதோடு தொலைந்தது. மறுநாளிலிருந்து அடுப்பில் இலை கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

அன்றும் வாசலிலேயே கசப்பு வாடை மூக்கில் ஏறியது.

"அம்மா, மறுபடியுமா? கொதிக்க வைக்காதேன்னு எத்தனை தரம் சொல்றது? என் தொண்டைத் தண்ணிதான் வத்திப்போகுது."

"நீ எலிக்குக் கொடுப்பே, உன் கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்கக் கூடாதா? எலி உனக்கு அவ்வளவு ஒசத்தியா?" என்றாள் அம்மா, கரண்டியைக் கீழே வைக்காமலே.

"அது எலிம்மா! அதுக்குக் கொடுத்தது காய்ச்சல் மாத்திரை. இவன் சாப்பிடறது காசநோய் மாத்திரை. மருந்தும் வேற, உடம்பும் வேற. எதுக்கும் எதுக்கும் முடிச்சுப் போடறே?"

"கல்லீரல் ஒண்ணுதானே?"

இதற்கு மேல் யாரிடம் முட்டிக்கொள்வது? தம்பியின் அறைக்குப் போனாள். அவன் சன்னல் திரையை இழுத்துவிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி வேறு.

"இதென்ன வேஷம்?"

"கண்ணு வலி. ஒட்டிக்கும், கிட்ட வராதே."

"நாளைக்கு ரத்தம் கொடுக்கப் போறியா இல்லையா?"

"எதுக்கு? டாக்டரம்மா இலைதான் காவல் இருக்கே." பட்டம் இன்னும் வாங்காத அக்காவை டாக்டரம்மா என்று கூப்பிட்டு ஏற்றுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. ஆனால் அன்று குரலில் வழக்கமான குறும்பு இல்லை. களைத்திருந்தது.

"அது நிச்சயமாகலைடா. திரும்பச் செஞ்சு பார்த்தா வரமாட்டேங்குது."

"படத்தை நான்தான் பார்த்தேனே. இவ்வளவு படிச்சுட்டு உனக்கு உன் மேலேயே நம்பிக்கை இல்லை. எனக்கு இருக்கு. போ."

கோபத்தில் அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். அவன் தட்டில் போட்ட சாப்பாடு தொடாமல் அப்படியே இருந்ததைக் கண்ணால் பார்த்தும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. அப்புறம் அதை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை எலிவீட்டுக்குப் போனவள் வாசலிலேயே நின்றாள். கூண்டு அலமாரியின் காலைச் சுற்றி எறும்பு வரிசை. மேலே ஏறி, இடப்பக்கக் கூண்டுகளுக்கும் போயிருந்தது, வலப்பக்கக் கூண்டுகளுக்கும் போயிருந்தது.

"அண்ணே! இங்க வாங்க. என்ன பெருக்கறீங்க நீங்க? இவ்வளவு எறும்பு எப்படி வந்துச்சு?"

"பன்னுத் துகள் மேடம். இதோ துடைச்சிடறேன்."

"என்ன பன்னு?"

"போன தடவை மாப்பிள்ளைங்களுக்குப் போட்டது. மூலையில சிந்தியிருக்கும்."

அவள் கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். "எப்போ போட்டீங்க?"

"நீங்க பட்டினி போடச் சொல்வீங்களே, அன்னைக்கு சாயங்காலம். தீவனத்தை எடுத்துட்டேன் மேடம், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா வெறும் வயித்தோட எப்படித் தூங்க விடறது? நீங்களே சொல்லுங்க. ஆளுக்குப் பாதி பன்னு போட்டேன். காலையில ஒரு துண்டு மிச்சம் வைக்கலை, கள்ளப் பயலுங்க."

மருந்து கொடுப்பதற்கு முன் எலிகளைப் பட்டினி போடுவது சும்மா கொடுமைக்காக இல்லை. கல்லீரல் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சரக்கைக் கையிருப்பில் வைத்திருக்கும். பட்டினி கிடந்தால் அது குறைந்துபோகும். அப்போதுதான் மருந்து கல்லீரலைக் கடிக்கும். வயிறு நிறைந்திருந்தால் அதே மருந்தைப் பாதிக்கு மேல் சமாளித்துவிடும். இதை அவள் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். யாரோ பன் போடுவார் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"எல்லா எலிக்குமா போட்டீங்க?"

"எல்லாருக்கும்தான். நீங்கதானே மேடம் அன்னைக்குத் திட்டினீங்க?"

ஆமாம், திட்டினாள். முதல் சோதனை முடிந்த சமயம், மாப்பிள்ளை இடப்பக்கத்து எலிகளை மட்டும் தடவிக்கொடுத்துக் கொஞ்சுவதைப் பார்த்து எரிந்து விழுந்தாள். இந்தக் கூண்டு அந்தக் கூண்டு என்று பாரபட்சம் பார்க்கக் கூடாது, ஒன்றுக்குச் செய்வதை எல்லாவற்றுக்கும் செய்யவேண்டும் என்று பெரிய பிரசங்கமே செய்தாள். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அண்ணே, நான் திட்டறதுக்கு முன்னாடி? முதல் தடவை யாருக்குப் போட்டீங்க?"

"இடப்பக்கத்துக்கு மட்டும்தான். பாவம் மேடம், அந்தக் கசப்பை நீங்க தொண்டைக்குள்ள ஊத்திட்டுப் போயிடறீங்க. முகத்தைச் சுளிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. வாய்க்கு ஒரு இனிப்பு வேணாமா?"

அவள் அங்கேயே தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இலை காப்பாற்றவில்லை. கல்லீரலை வழவழவென்று வைத்தது பன். அவள் தலைகால் புரியாமல் கொண்டாடியது, அம்மாவுக்குக் காட்டியது, தம்பி நம்பிக்கொண்டு கிடப்பது, எல்லாம் ஒரு இனிப்புப் பன்.

"தப்புப் பண்ணிட்டேனா மேடம்?" மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அவரைத் திட்ட வாயெடுத்தாள். சொன்னதைச் செய்த மனிதரை என்னவென்று திட்டுவது?

பேராசிரியர் முழுக்கக் கேட்டார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்த ஆளை இனிமே எதுவும் போடக் கூடாதுன்னு கண்டிச்சு வை. மாநாட்டுல முதல் முடிவைப் பேசிடு. பன்னைப் பத்தி அங்க யாரு கேட்கப்போறா?"

"சார், அது பொய் சார்."

"பொய்னு ஏன் சொல்றே? இலை ஒருவேளை வேலை செஞ்சும் இருக்கலாமே. அடுத்த வருஷம் நிதானமா நிரூபிச்சுக்கலாம்."

"என் தம்பி அதை நம்பித் தினம் அந்த இலையைக் குடிச்சுக்கிட்டு இருக்கான்."

"உன் தம்பி வேற, உன் ஆராய்ச்சி வேறம்மா. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே."

எல்லாருக்கும் இந்த இலை வேலை செய்தே ஆகவேண்டும். அம்மாவுக்கு வேண்டும், தம்பிக்கு வேண்டும், பேராசிரியருக்கு வேண்டும். இலை ஒன்றுதான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. "நான் பேசலை சார். வேற யாரையாவது அனுப்பிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள். பேருந்து ஆமை வேகத்தில் ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று போனது. ஓட்டுநரின் பிடரியைப் பார்த்து மனதுக்குள் வைதுகொண்டே வந்தாள்.

நட்டநடு மதியம். தம்பி அதே இருட்டறையில், அதே கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தான். அம்மா டம்ளரில் இலைச்சாறு கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பிடுங்கி, திரைக்கு அடியில் கையை நீட்டிச் சன்னல் வழியாகக் கொட்டினாள்.

"அடிப்பாவி! காலையிலேர்ந்து அரைச்சுக் கொதிக்க வெச்சதுடி!" என்று அம்மா கத்தினாள்.

"உட்காரும்மா. நீயும் கேளுடா."

மாப்பிள்ளை, எறும்பு, பன் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். தம்பி முதலில் சிரித்தான். "பன்னா? உன் ஆராய்ச்சியைப் பன்னு தூக்கிட்டுப் போயிடுச்சா?" அவள் சிரிக்காததைப் பார்த்து மெல்ல நிறுத்தினான்.

"அப்போ இலை?"

"இலை காப்பாத்துச்சுங்கறதுக்கு என்கிட்ட ஒரு அத்தாட்சியும் இல்லை. கெடுக்காதுங்கறதுக்கும் இல்லை. நான் காட்டின படத்தை மறந்துடு. நான் ஒரு முட்டாள், போதுமா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பிறகு சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அந்தக் குரலில் சொன்னான்.

"அக்கா, நான் எல்லா மாத்திரையையும் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"என்னது?"

"ஒண்ணொண்ணா ஆரம்பிச்சா எப்போ முடியறது, எப்போ வேலைக்குப் போறது? பழைய மாத்திரை மிச்சம் இருந்துச்சு. இலைதான் காவலுக்கு இருக்கேன்னு... போன வாரமே எல்லாத்தையும் சேர்த்துப் போட ஆரம்பிச்சுட்டேன்."

அவள் ஒரே எட்டில் போய் அவன் கண்ணாடியைக் கழற்றினாள். சன்னல் திரையை விலக்கினாள். கண்வலி இல்லை, ஒன்றும் இல்லை. வெள்ளை விழி இருக்க வேண்டிய இடம் முழுக்க மஞ்சள். நகத்திலும் மஞ்சள், உதட்டோரத்திலும் மஞ்சள்.

"பாவி, ஏன்டா சொல்லலை?"

"நீ திட்டுவே. டாக்டர் மறுபடி எல்லாத்தையும் நிறுத்திடுவார். இலை சரி பண்ணிடும்னு பார்த்தேன்."

அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய் ஓயாத அம்மா வாயடைத்துப்போனதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஈரக்குலை நடுங்கியது.

மருத்துவமனையில் டாக்டர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், இன்று என்ன கிழமை என்று கேட்டார். கல்லீரல் முற்றிலும் கெட்டால் புத்தியும் தடுமாறும்; அவன் கிழமையைச் சரியாகச் சொன்னான். டாக்டர் மூச்சை விட்டார்.

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லை" என்றான் தம்பி.

"அதெல்லாம் நாங்க தொடவே மாட்டோம் டாக்டர்" என்றாள் அம்மா.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த நிலைமையிலுமா? "பொய் டாக்டர். தினம் ரெண்டு வேளை ஒரு கசப்பு இலையை அரைச்சுக் கொதிக்க வெச்சுக் குடிச்சான். மாத்திரையையும் மொத்தமாப் போட்டிருக்கான்."

டாக்டர் பேனாவை மேசைமேல் போட்டார். "கெடுத்தது மாத்திரையா, இலையா, ரெண்டும் சேர்ந்தா? இனிமே எப்படிம்மா நான் பிரிச்சுச் சொல்றது? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இவர் கிழமையைச் சொல்லியிருக்க மாட்டார். யார் சொன்னது இந்த இலை கல்லீரலைக் காப்பாத்தும்னு?"

அம்மா தரையைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான்.

"நான்தான் டாக்டர். நான் எலிக்குக் கொடுத்துப் பார்த்தேன்."

"எலிங்க எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அதுங்க பன்னு சாப்பிட்டுச்சு."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொல்ல அவளுக்கும் தெம்பு இல்லை.

எல்லா மாத்திரையும் நின்றது. இலையும் நின்றது. அடுத்த நாட்களில் அவன் கண்ணைத் திறந்தால் வாந்தி, மூடினால் தூக்கம் என்று கிடந்தான். ரத்த முடிவு ஒருநாள் ஏறியது, மறுநாள் அப்படியே நின்றது. அவள் கட்டிலருகே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தூங்கும் அவனை மனதார வைதாள். மடையா, அவசரக்குடுக்கை, போய்த் தொலைந்துவிடாதே. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், என்னை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்க்க?

ஒருநாள் காலை அவன் தானாகவே எழுந்து உட்கார்ந்தான். கண்ணில் மஞ்சள் கொஞ்சம் வடிந்திருந்தது.

"பசிக்குதுக்கா."

அவள் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தாள். எழுந்து ஓடினாள். மருத்துவமனை வாசல் கடையில் அந்த நேரத்துக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். அவன் அதை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தான்.

"எலிக்குப் போட்டதுல மிச்சமா?"

"வாயை மூடிக்கிட்டுத் தின்னுடா" என்றாள். அவன் பன்னைப் பிய்த்து வாயில் போட்டு, குழந்தை மாதிரி நிதானமாக மென்றான்.

"டாக்டர்கிட்ட சொல்லு. ஒண்ணொண்ணாவே போடறேன். ரத்தம் எத்தனை தடவை வேணும்னாலும் எடுத்துக்கட்டும்."

அவள் தலையைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அம்மா நான்கு கட்டில் தள்ளி, மஞ்சள் பூத்த முகத்தோடு படுத்திருந்த ஒருவரின் மனைவியிடம் குனிந்து ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள். ரகசியம் வார்டு முழுக்கக் கேட்டது.

"இலை கிலையெல்லாம் சும்மாங்க. வெறும் பன்னு போதும். எங்க பொண்ணு ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கா. இதோ பாருங்க, என் பையன் பன்னு சாப்பிட்டு எழுந்து உட்கார்ந்துட்டான்."

அந்தப் பெண் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பியிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் தனக்கும் ஒன்று வாங்கிவரச் சொன்னார்.

"அம்மா!"

கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. தம்பிக்குச் சிரிப்பு வந்து புரை ஏறியது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கட்டில்களுக்கு நடுவில் போய் நின்றாள். பயத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. அந்த அக்காவும் கடைக்குப் போகாம இங்க வாங்க. நான் எலி வெச்சு ஆராய்ச்சி பண்றவ. ஒரு இலை கல்லீரலைக் காப்பாத்தும்னு சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். அதை நம்பினவன்தான் அங்க படுத்திருக்கான்."

மாநாட்டில் மறைத்துவிடச் சொன்ன பன் கதையையெல்லாம் அந்த வார்டில் நின்று, முதலிலிருந்து, ஒன்று விடாமல் பேச ஆரம்பித்தாள்.